தண்ணீர் முக்கால், சார்!

யார் அதிகாரி, யார் சிப்பாய் என்று பாய்லருக்குத் தெரியாது. அதைச் சிப்பாய்களுக்குப் புரியவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், அதிகாரிகளுக்குப் புரியவைக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ரயில்வேயில் கரி எஞ்சினுக்குத் தீ போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, பிறகு டீசல், மின்சாரம் என்று ஓட்டி, ஓய்வு பெற்று நாகர்கோவிலில் வீட்டோடு இருந்தேன். சண்டை வந்து கரண்ட் கம்பி அறுந்து, டீசலும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று ராணுவத்தில் மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் அவர்களுக்கு நாலு கிலோமீட்டர் சொந்தப் பாதை. அதில் ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தி, பதினெட்டு சிப்பாய்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்து மாட்டிக்கொண்ட வாத்தியார்களும் டிரைவிங் ஸ்கூல்காரர்களும் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இது புரியாது.

எத்தனை நாள்?

பயிற்சிக்குப் பொறுப்பு ஒரு கேப்டன். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நல்ல ஃபயர்மேன் ஆக ஒரு வருஷம், அவசரம் என்றால் ஆறு மாதம் என்றேன். சிரித்துக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாப்பத்தஞ்சு நாளில முடிச்சுக் குடுத்துருங்க சார். டாங்கியவே எங்காளுங்க அதுக்குள்ள கத்துக்குவாங்க."

மண்மூட்டை

எல்லாருக்கும் கல்லு மாதிரி உடம்பு. அதுதான் தொந்தரவு. கரியை மண்மூட்டை அடுக்குவதுபோல அடுப்புக்குள் கொட்டுவார்கள். தீ மூச்சு முட்டி அணையும், கறுத்த புகை கிளம்பும், நீராவி இறங்கும். கொஞ்சமாக, பரவலாக, அடிக்கடி போட வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தினேன். ஆரல்வாய்மொழிக் காற்று வேறு புகையை எங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும்.

அவர்களில் ஒருவர் முட்டத்துக்காரர், ஹவில்தார் ஸ்டீபன். நாற்பதை நெருங்கிய ஆள். புகை அடங்கும்வரை நின்று, சுற்றிலும் சுழன்றுகொண்டிருந்த காற்றாலைகளை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாரே, இவ்வளவு காத்துல கரண்ட் எடுக்கியான், நாம இங்கன இருந்து கரியத் திங்கியோம்."

முக்கால்

பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவது ஒரு கண்ணாடிக் குழாய். அதை நம்பவும் கூடாது. அடியில் உப்பு அடைத்தால் உள்ளே தண்ணீர் குறைந்தாலும் குழாயில் பழைய மட்டமே நிற்கும். அதனால் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை விட்டு, மூடிப் பார்க்க வேண்டும். சட்டென்று துள்ளி ஏறினால் நிஜம். சோம்பேறித்தனமாக ஏறினால் அடைப்பு.

ஒருநாள் ஒரு சிப்பாயிடம் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். விறைப்பாக நின்று, முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "முக்கால், சார்!" என்றார். கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அதில் அரைகூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கரி அள்ளும் ஷவலைக் கீழே எறிந்தேன். ஸ்டீபன் மட்டும் எட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து சோதித்து, "அரைக்குக் கீழ" என்றார். முக்கால் சொன்னவருக்கோ நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை.

"முக்கால் இருக்கணும்னு நேத்து நீங்கதான சார் சொன்னீங்க?"

ஒப்பு

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் ஃபிட்டர் தங்கமணி. அருமனைக்காரர், என்னோடு ரயில்வேயில் சேர்ந்தவர். நாற்பதாவது நாள் வந்து, கண்ணாடிக்குழாய் அடைக்கிறது, பாய்லரைக் குளிர வைத்துக் கழுவ வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார். அன்றிலிருந்து மூன்றாம் நாள் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார்.

நான் கேப்டனிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு ஓட்டம்தானே, இருநூறு மீட்டர்தானே என்றார். அடுத்த பயிற்சிக்கும் உங்களைத்தான் சிபாரிசு செய்திருக்கிறேன் என்றார். எஞ்சின் ஓட்டத் தகுதியானது என்ற தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு கிடந்தவனைப் பதினெட்டு பேர் தினமும் எழுந்து நின்று சார் என்று கூப்பிட்டார்கள். அதை விட மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

தங்கமணி தன் ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எடே, நீ ஒப்பு போட்டியா? அப்ப எஞ்சினையும் நீயே ஓட்டு."

மேடை

ஓட்டவில்லை. மேடையில் பெரிய அதிகாரிக்கு இரண்டு நாற்காலி தள்ளி என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஓட்டியது ஸ்டீபன். மேடைக்கு எதிரே வரும்போது வண்டி நின்றது. தலையை வெளியே நீட்டி, "தண்ணி இல்ல சாரே!" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். போ, போ என்று கேப்டன் கை காட்டினார். ஸ்டீபன் போகவில்லை. கூட இருந்த இரண்டு பேரையும் கீழே இறக்கிவிட்டார். தீயை வாரித் தள்ள அடுப்புக் கதவைத் திறந்தார்.

அடுப்பின் கூரையில் ஈயம் வைத்த ஒரு திருகு உண்டு. தண்ணீர் அதற்குக் கீழே போனால் ஈயம் உருகும், நீராவி அடுப்புக்குள் பாயும். பாய்லர் வெடிக்காமலிருக்க அதுதான் கடைசி ஏற்பாடு. கதவு திறந்திருந்தால் நீராவி ஆள்மேலும் பாயும். பாய்ந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டீபனின் வலது கையில் சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகும் பெரிய அதிகாரி உட்கார்ந்தேதான் இருந்தார். கேப்டனிடம் கேட்டார்:

"நல்லா வந்த வண்டிய அவன் எதுக்கு நிறுத்தினான்?"

விசாரணை

உத்தரவை மீறி வண்டியை நிறுத்தினார் என்று ஸ்டீபன்மேல் குற்றச்சாட்டு. எஞ்சினில் குறை இல்லை என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. நான் எழுந்து, பாய்லர் கெட்டிருந்தது, தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், ஸ்டீபன் நிறுத்தாவிட்டால் மேடையோடு போயிருப்போம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தவர் என் தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப சொல்றது உண்மையா, அப்ப எழுதினது உண்மையா? ரெண்டும் உங்களோடதுதான?"

முட்டம்

ஸ்டீபனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தாளில் ஒழுங்கீனம் என்று எழுதி. நான்கு மாதம் கழித்துத்தான் முட்டத்துக்குப் பஸ் ஏறினேன். அதற்கு முன்னால் இரண்டு முறை பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கை உள்பக்கமாக மடங்கியிருந்தது. "வாங்க சாரே" என்று இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவன் மழையைப் பற்றிப் பேசினேன். அவரே ஆரம்பித்தார். "குழாயத் திறந்து பாத்தேன். மெதுவாத்தான் ஏறிச்சி. நீங்க சொல்லித் தந்தது போலத்தான்." குறையாகச் சொல்லவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

அவர் மனைவி தம்ளரோடு வந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்ளரை என் கையில் தராமல் ஸ்டூலில் வைத்தார்.

"ஒப்பு போட்ட சாரு நீங்கதானா? ஆறிப் போவும், குடிங்க."

சொல்லிக்கொடுத்தபடி நடந்தவருக்கு ஒழுங்கீனம் என்றும், நடக்காத எனக்குச் சிறந்த பயிற்றுநர் என்றும் எழுதித் தந்த வேலை இது. என் சான்றிதழில் எழுத்துப்பிழைகூட இல்லை.