கல்மேட்டு அம்மன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கற்களைச் சர்க்கார் பாதுகாத்து வந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது தோப்பு, களம், மாடு மேயும் புறம்போக்கு என்று எல்லாமே கம்பிவேலிக்குள் போய்விட்டன. எங்கள் தெருவுக்கு மிஞ்சியது கல்மேடு ஒன்றுதான். இடுப்புயரக் கற்கள், வட்டம் வட்டமாக, நடுவே முள்செடி, முகப்பில் ஒரு நீலப் பலகை. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அங்கே யாரும் எதுவும் கட்ட முடியாது. யாரும் கட்டாத ஒரே இடம் என்பதால் எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் ஒதுங்க அங்கேதான் போனார்கள்.

அக்கா வயதுக்கு வந்த வருஷம், கக்கூஸ் கட்டியே தீருவது என்று அப்பா வீட்டின் பின்பக்கம் குழி தோண்ட ஆரம்பித்தார். முழங்காலளவு போவதற்குள் கல்மேட்டுக் காவல்காரர் சைக்கிளில் வந்து நிறுத்திவிட்டார். பலகையைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அப்பாவுக்கு எழுத்து வராது, என்னைக் கூப்பிட்டார். நூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, தோண்டக் கூடாது, மீறினால் சிறை என்று நான் ஒரு இடத்திலும் திக்காமல் படித்தேன். காவல்காரரே முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்பாவும் பெருமையாகத்தான் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, தோண்டிய மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தார். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, கல்மேடாவது இருக்கிறதே என்றால், அதற்கும் பங்காளிகள் வந்தார்கள். வாடகை ரூம்களில் தங்கியிருந்த கம்பெனிப் பையன்கள் ஷிப்ட் முடிந்ததும் பாட்டிலோடு கற்கள் மேல் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் எழுந்து போகும் வரை அம்மாவும் அக்காவும் செம்போடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் மாமா ஒரு வழி சொன்னார். அம்மாவின் தம்பி, கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

"சண்டைக்குப் போனா நாலு பேரா வருவானுங்க. சாமி வெச்சிட்டா எவன்க்கா அங்க குடிப்பான்? கொஞ்சம் மஞ்சத்தூள் எடு."

ஒரு வெள்ளிக்கிழமை இருப்பதிலேயே உயரமான கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினார். கம்பெனியில் கழித்துப்போட்ட கம்பியைச் சூலமாக வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து நட்டார்.

வேலை செய்தது. தேவைக்கு மேலேயே வேலை செய்தது. பையன்கள் தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். அவர்களிலேயே அதிகமாகக் குடிக்கும் திருநெல்வேலிக்கார அண்ணன், அம்மன் ரொம்பத் துடியானவள் என்று சொல்லி மறுநாளே பொங்கல் வைத்தார். மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைவரை போய், அப்படியே நின்றுவிட்டார்.

"போக்கா. இனிமே ஒருத்தன் இருக்க மாட்டான்."

"சாமி இருக்கே. எப்புட்றா போய் ஒக்கார்றது?"

"நான் வெச்சதுதானக்கா. வெறும் கல்லு."

"நேத்து வரைக்கும் கல்லு."

அப்படியானால் எடுத்துவிடு என்று அப்பா கத்தினார். மாமா தலையைச் சொறிந்தார். எடுத்து, எதனா ஆயிட்டா என்றார். தன் கையால் வெல்டிங் வைத்த சூலத்தைத் தொட அவருக்கே பயம். எனக்கு அந்த வயதிலேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

கொஞ்ச நாளில் ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். மஞ்சளைப் பார்த்ததும் தெருவையே நிற்கவைத்துத் திட்டினார். மஞ்சளைக் கழுவச் சொன்னார், சூலத்தைப் பிடுங்கி ஜீப்பில் போட்டார். இது கோயிலும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தக் காலத்து மனிதர்கள் செத்தவர்களைப் புதைத்த இடம் என்று பொறுமையாக விளக்கவும் செய்தார். அம்மா சொன்னார்:

"செத்தவங்கன்னா பரவால்ல சார். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கோ. சாமிதான் கஷ்டம்."

ஆபீசருக்குப் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே புதுச் சூலம் நின்றது, முன்னதைவிடப் பெரிதாக.

அதற்குப் பிறகு பெண்கள் விடியுமுன் கூட்டமாகச் சேர்ந்து, மெயின்ரோட்டைத் தாண்டி, லாரிகள் நிற்கும் இடத்துக்கும் அப்பால் போய் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். மத்தியானத்துக்கு மேல் அக்கா தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. ராத்திரி தட்டில் போட்ட சோற்றை, மீன் துண்டோடு, என் பக்கம் தள்ளிவிடுவாள். "எனக்கு வேணாம்டா, நீ துன்னு" என்பாள். அக்காவுக்கு என்மேல் உயிர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் நான் நன்றாகச் சதை போட்டேன். மாமா என் கன்னத்தைக் கிள்ளி, எல்லாம் அம்மன் வந்த நேரம் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.