கத்திக்குத் தேய்த்த எண்ணெய்

முதலில் அந்த டிக் டிக் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கத்தி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, நான் வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் டைல்ஸ் தரையில் ‘டிக், டிக்’ என்று கேட்டது. செவிலிமேட்டில் புதிதாகக் கட்டிய வீடு. தரை சரியில்லை என்று கொத்தனாரைப் பிடித்துத் திட்டினேன். என் மனைவிதான் என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் உடைந்த தையல் ஊசி ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. நான் பட்டு ஜாக்கெட் தைக்கிற டெய்லர், ஊசி என்னுடையதுதான். எப்போது ஏறியதென்றுதான் தெரியவில்லை. வலித்திருந்தால் தெரிந்திருக்கும்.

“லாடம் அடிச்ச மாடு மாதிரி நடந்துக்கினு இருந்திருக்கே. உனக்கு ஒண்ணுமே தெரியலயாய்யா?” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தென்னேரியில் இருக்கும் அவள் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கிருக்கிற அதே சர்க்கரைதான், அவருக்கு அதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

டாக்டர் என் பாதத்தைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, முழங்கால் வரைக்கும் உணர்ச்சி பாதிதான் இருக்கிறது என்றார். “தினமும் படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. புண்ணு வந்தா உங்க கால் உங்களுக்குச் சொல்லாது.” நான் பக்தியோடு தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

முகூர்த்த நாட்களில் எனக்கு இன்னொரு தொழில் உண்டு. எங்கள் பேண்டு செட்டில், பையில் காற்றை ஊதி அக்குளில் அமுக்கி வாசிக்கிற பேக்பைப் வாசிப்பேன். பள்ளி யூனிஃபார்மில் மிஞ்சிய கட்டம் போட்ட துணியில் செட்டு முழுவதற்கும் ஸ்காட்லாந்துப் பாவாடை தைத்துக் கொடுத்ததும் நான்தான். தொப்பையோடு அதைக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நின்றால், சின்னப் பிள்ளைகள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். “டேய், பாவாடை மாமாடா!” என்று ஒரு குரல் எல்லாத் தெருவிலும் எனக்காகக் காத்திருக்கும்.

ஒருநாள் போனில் அசல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வாசிக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவர் காலுறையிலும் மேல் மடிப்புக்கு வெளியே கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. தேடினேன். கத்தி! ஸ்கியன் டூ என்று பெயராம். கறுப்புக் கைப்பிடி, உச்சியில் ஒரு கண்ணாடிக் கல், விரல் நீளத்துக்கு அலகு. அதைப் பார்த்த பிறகு என் கால் எனக்கே அம்மணமாகத் தெரிந்தது. ஆர்டர் போட்டேன்.

பேண்டு மாஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “டெய்லரே, வாசிக்கப் போறமா, வெட்டப் போறமா? பிளாஸ்டிக்குல ஒண்ணு செஞ்சி சொருவிக்கயேன்பா. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும், மாஸ்டர்,” என்றேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே கலைநேர்மை அது. தவறான இடத்தில் காட்டினேன்.

அலகு மொட்டையாக இருந்தது. மொட்டைக் கத்தி கௌரவக் குறைச்சல் என்று தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் தீப்பொறி பறக்கத் தீட்டி, கட்டைவிரல் ரோமத்தை மழித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தார். பராமரிப்புக்கு ஒரு வீடியோ. அதில் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அலகைத் துடைத்தார். கூடவே என்னவோ விரலை ஆட்டி ஆட்டி எச்சரித்தார். அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டேன். அவர் ஒரு சொட்டு விட்ட இடத்தில் நான் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டேன். சொட்டச் சொட்ட அதைத் தோல் உறையில் செருகி, அரக்குப் பட்டுத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து அலகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்காவது துரு இருக்கிறதா? ஒரு புள்ளி? மறுபடி எண்ணெய்.

“கத்திக்கு எண்ணெ தேச்சி குளிப்பாட்டுறே. அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தியாய்யா?”

“கால் எங்கம்மா போவப்போவுது? இங்கதான் இருக்குது.”

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்படிப் பேசிய வாயால்தான் இப்போதும் சாப்பிடுகிறேன்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் அந்தப் பட்டுத் துண்டில், கத்தி முனை படுத்திருந்த இடத்தில், ஒரு புதுக் கீறல் இருந்தது. பழைய பட்டு, இற்றுப்போய்விட்டது என்று நினைத்தேன். அறுந்த பட்டுக்கும் அறுத்த பட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு டெய்லர் காஞ்சிபுரத்தில் இருக்க முடியுமா? இருந்தான். எண்ணெயில் ஊறி ஊறி உறைத்தோல் அப்பளமாவுபோல ஆகி, முனையில் தையல் விட்டிருந்தது. கத்தி தினமும் கொஞ்சம் வெளியே வந்துகொண்டிருந்தது.

அன்று சின்ன காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. வெள்ளைக் காலுறை, வலது காலில் உறையோடு கத்தி. சீரியல் பல்பு வெளிச்சத்தில் கண்ணாடிக் கல் மின்னியது, நானும் மின்னினேன். தெருவைச் சுற்றி மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்து, குதிகாலால் தாளம் தட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் என் காதருகில் குனிந்தார்.

“இன்னா டெய்லரே, ஆரத்தித் தண்ணிய மிதிச்சிட்டியா? சாக்ஸெல்லாம் செவந்து கெடக்குது.”

வாயில் குழல் இருந்ததால் ஆமாம் என்று தலையாட்டினேன். கீழே பார்த்தேன். என் ஷூ பதிந்த இடமெல்லாம் சிவப்பு. ஆரத்தி என்றால் இப்படித்தானே கொட்டுவார்கள் என்று இன்னும் இரண்டு தட்டு தட்டினேன். பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஆரத்தித் தட்டு இன்னும் பெண் வீட்டு அம்மாள் ஒருவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் கொட்டப்படவில்லை.

பை காற்று இறங்கி ஓர் ஆடு கத்துவதுபோல ஓய்ந்தது. சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் ஷூவைக் கழற்றினார்கள். காலுறை கனமாக, சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. கணுக்காலுக்கு மேலே கத்தி நிதானமாக, நேர்கோட்டில், நான் வெட்டுகிற துணிபோலக் கிழித்திருந்தது. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மனைவி திட்டவில்லை. அவள் திட்டாத நாள் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அது ஒன்றுதான். “ஆறிடுமா டாக்டர்?” என்று மட்டும் கேட்டாள். அவர் காயத்தைப் பார்த்தார், சர்க்கரை அளவைப் பார்த்தார். “பார்க்கலாம்,” என்றார்.

மறுநாள் தென்னேரி மச்சான் பொய்க்காலோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“மாப்ளே, உனுக்கு எந்தக் காலு?”

“வலது, மச்சான்.”

“அட போப்பா. இடதா இருந்தா ரெண்டு பேரும் ஒரே ஜோடி செருப்ப பங்கு போட்டுக்கலாம்னு வந்தேன்.”

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் மனைவி ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

காயம் மேலே மூடி வந்தது. உள்ளே எப்படி என்று கேட்டால் டாக்டர் இன்னும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார். இப்போதெல்லாம் நானே டார்ச் அடித்துக் காலைப் பார்க்கிறேன். கத்தி அலமாரியில் கிடக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை.

சென்ற வாரம் விடியற்காலையில் கண் விழித்தபோது, வாசற்படியிலிருந்து சிவப்பெறும்புகள் வரிசையாக என் கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தன. மனைவியும் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் அந்த வரிசையைக் கண்ணால் பின்தொடர்ந்தோம். கட்டில் காலைத் தொட்டது. சுற்றியது. சுவரில் ஏறி அலமாரிக்குள் போனது. திறந்து பார்த்தால், கத்தி உறைமேல் மொய்த்துக் கிடந்தன. என் ரத்தமும் எண்ணெயும் ஊறிய தோல்.

“பார்த்தியா, கத்தியத்தான் தேடி வந்திருக்குது!” என்று நான் சிரித்தேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் காலடியில் வரிசை இரண்டாகப் பிரிந்து, ஒன்று கட்டில்மேல் ஏறிக்கொண்டிருந்தது. டார்ச்சை எடுத்தாள்.

“காலை நீட்டு.”

நீட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.