அகப்பையை வைத்துவிட்டுத் திரும்புவது

"ஸ்டொப்!" என்ற சத்தத்தோடு ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பிடித்தவன் கஜன். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் நான் வேலை செய்யும் பட்டறையில் பக்கத்து மெஷினில் நிற்பவன், என்னைவிட இளையவன். சனிக்கிழமைகளில் பிஸ்டல் கிளப்பில் அவன்தான் றேஞ்ச் ஒஃபிசர். சுடுபவரின் பின்னால் நின்று கட்டளை கொடுப்பது அவன் வேலை.

பிள்ளைகளே, புதுவருட வெடிகளுக்கு அப்பா குளியலறைக்குள் போய் நிற்பதைக் கண்டிருக்கிறீர்கள். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. போர்க்காலத்தில் ஊரில் கேட்ட சத்தம் இந்த உடம்பை விட்டுப் போகவில்லை. அது கஜனுக்குத் தெரியும். "ஒருநாள் வந்து பாருங்கோ அண்ணை. இஞ்சை சத்தம் எப்ப வரும் எண்டு நீங்கள்தான் முடிவெடுப்பியள்," என்று கூட்டிப்போனான். அந்தச் சொல்லுக்காகவே தொடர்ந்து போனேன்.

உங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. போட்டிகளில் சேருவதற்கு முன் ஒரு பாதுகாப்புத் தேர்வு இருக்கிறது. அதில் என்னை ஒருக்கா நிறுத்தினாலும் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

இது ஒரே இடத்தில் நின்று குறிபார்க்கும் விளையாட்டு அல்ல. அட்டை இலக்குகளுக்கு இடையில் நடந்தும் ஓடியும் சுடவேண்டும். எந்தப் பக்கம் ஓடினாலும் பிஸ்டலின் வாய் முன்னால் உள்ள மண்மேட்டையே பார்க்க வேண்டும். தோளைத் தாண்டிப் பின்பக்கம் வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தேர்வில் நன்றாகத்தான் சுட்டேன். கடைசி இலக்கு முடிந்ததும், பிஸ்டலை வெறுமையாக்கிக் காட்டும்படி கஜன் பின்னால் நின்று சொன்னான். "ஓம் தம்பி," என்று சொல்லிக்கொண்டே, பிஸ்டலும் கையுமாக அவன் பக்கம் திரும்பிவிட்டேன். கதைக்கிறவரின் முகத்தைப் பார்க்காமல் மறுமொழி சொன்னால் எங்களுக்குள் அது மரியாதைக் குறைவு. ஊரில் பழகிய அந்த மரியாதைதான் அன்று என்னைத் திருப்பியது. அப்போதுதான் கஜன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. இண்டைக்கு இவ்வளவுதான்," என்றான். அவனே காரில் கொண்டுவந்து விட்டான்.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"ஆருக்கும் காயமோ?"

"இல்லை. வெடிக்கவே இல்லை. திரும்பினதுக்கே நிப்பாட்டிப்போட்டான்."

"பிழை நடக்க முன்னமே நிப்பாட்டுவினமோ?"

"ஓம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஊரிலை எங்களுக்கு ஒருத்தரும் அப்பிடி நிப்பாட்டேல்லை," என்றார். பிறகு, "திரும்பப் போங்கோ. ஆனா முதல்லை இந்தப் பழக்கத்தை மாத்துவம்," என்றார்.

அந்தப் பயிற்சி உங்களுக்கு நினைவிருக்கும். நான் அடுப்பைப் பார்த்து நின்று குழம்பு துழாவ வேண்டும். நீங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று மாறி மாறிக் கூப்பிடுவீர்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டே மறுமொழி சொல்லி, அகப்பையை வைத்த பிறகுதான் திரும்பலாம். முதல் கிழமை நான் திரும்பித் திரும்பி, சுவரெல்லாம் குழம்பு தெறித்தது. "அப்பா அவுட்!" என்று சின்னவள் துள்ளினாள். அம்மா சிரித்துக்கொண்டே சுவரைத் துடைத்தார்.

இரண்டாம் முறை தேர்வில் சித்தியடைந்தேன். முதல் போட்டிக்கு நீங்கள் காதுமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் வந்து நின்றீர்கள். கடைசி வெடி அடங்கியதும் சின்னவள், "அப்பா!" என்று கூப்பிட்டாள். என் கழுத்து திரும்பத் துடித்தது. நான் திரும்பவில்லை. வெறுமையாக்கினேன், காட்டினேன், பிஸ்டலை இடுப்பு உறையில் வைத்தேன். கஜன் முடிந்தது என்று சொன்ன பிறகுதான் திரும்பினேன். சின்னவளின் முகம் வாடியிருந்தது. அம்மா அவளுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உடனே அவள் சிரித்தாள்.

என்ன சொன்னார் என்று காரில் கேட்டேன். "அப்பா இன்னும் அகப்பையைக் கீழை வைக்கேல்லை எண்டு சொன்னன்," என்றார்.

நீங்கள் கூப்பிட்டு அப்பா உடனே திரும்பாத நேரம் இனியும் வரலாம். கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கையில் உள்ளதைப் பத்திரமாக வைத்துவிட்டு வருவேன்.