என் இடப்பக்கத்து இருக்கை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். இதையும் நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், வேறு காரணம் தெரிந்தால் சொல்லுங்கள், உண்மையில் எனக்கு அது உதவியாக இருக்கும்.

லா சப்பல் என்கிற தமிழ்க் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் பிளவுஸ் தைக்கிறேன். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியான விளையாட்டில் மட்டும் திறப்பேன். என் சிநேகிதன் ரூபன் தான் வேலை செய்கிற கந்தோரிலுள்ள பிரெஞ்சுக்காரரிடம் பழகி வந்த விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். கதை நடத்துவது ரூபன். பேக்கரியில் வேலை செய்யும் மன்னார் யூட், மளிகைக்கடைச் செல்வம் அண்ணை, நான், மூன்று பேரும் ஒரு கப்பலில். நான் கப்பல் தலைவன், அதட்டி உத்தரவு போடுவேன் என்றால் என் முதலாளி நம்ப மாட்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் காட்ஸில் முன்னூற்றிநாலு விளையாடி வளர்ந்தவர்கள், அதில் இடப்பக்கத்து ஆள் சீட்டுக்கட்டை வெட்டித் தந்தால்தான் பகிரலாம். அந்தப் பழக்கத்தில் தாயக்கட்டை போடும்போதும் இடப்பக்கத்து ஆள் மேசையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதற்கும் வெட்டு என்றுதான் பெயர். எனக்கு இடப்பக்கம் செல்வம் அண்ணை. விரலை மடித்து மோதிரத்தால் தட்டுவார், டிக் டிக் என்று, கண்ணை மூடிக்கொண்டே அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

பிறகு கொரோனா வந்தது, எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டோம், செல்வம் அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நினைவில்லாமல் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். அவர் மனைவி பியர்ஃபித் வீட்டில் தனியாக இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தா.

விளையாட்டை விடக்கூடாது என்று ரூபன் இணையத்தில் வழி தேடினான். முதலில் பார்த்ததில் வரைபடம், கப்பல், கடலில் வெளிச்சம் எல்லாம் இருந்தது, ஆனால் யூட்டின் பழைய போனில் கப்பல் அசையவே இல்லை. இரண்டாவதில் கம்ப்யூட்டரே தாயக்கட்டை உருட்டியது. யூட் ஒத்துக்கொள்ளவில்லை, "உது களவு செய்யும் அண்ணை, உதுக்கு ஆர் வெட்டுக் குடுக்கிறது?" என்றான். மூன்றாவது சாதாரணமானது, குரல் மட்டும்தான், ஒரு வட்ட மேசைப் படத்தைச் சுற்றி நாலு இருக்கை, பேசுகிறவரின் இருக்கை பச்சையாக ஒளிரும், தாயக்கட்டையை அவரவர் வீட்டில் போட்டுக்கொள்ளலாம். அது எல்லாருக்கும் பிடித்தது.

நாலே இருக்கைதான். ரூபன் அதில் ஒன்றைத் திரான்சியில் இருக்கும் தன் மச்சானுக்குக் கொடுப்போம் என்றான், கப்பலில் சுக்கான் பிடிக்க ஆள் வேண்டும், அது செல்வம் அண்ணையின் வேலை. அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஆளைக் கேட்காமல் இடத்தைக் கொடுத்தால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று எனக்குள் ஒரு எண்ணம், எதையும் நம்பாத எனக்குத்தான். வாய் திறந்து சொல்ல வரவில்லை.

ஞாயிறு மத்தியானம், மார்க்ஸ் டோர்மோயில் என் அறையில் நல்ல வெயில். அன்றைக்குச் சோதனை ஆட்டம், அடுத்த கிழமை மச்சான் வருவான் என்று முடிவாகியிருந்தது. என் முறை வந்தது. தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன், வெட்டு இல்லாமல் கை போகவில்லை.

டிக் டிக்.

"ஆர் தட்டினது?" என்றான் ரூபன்.

"நானில்லை, நான் பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்" என்றான் யூட்.

திரையைப் பார்த்தேன். பெயர்கள் மூன்றுதான், நாலாவது இருக்கை வெறுமை, ஆனால் அதைச் சுற்றிப் பச்சை. காதிலிருந்த கருவியைக் கழற்றினேன், அறையில் ஒரு சத்தமும் இல்லை. திரும்ப மாட்டினேன். டிக் டிக். போடு என்கிற மாதிரி.

போட்டேன். அப்படி ஒன்றும் பெரிய எண் விழவில்லை. எனக்குப் பயமும் வரவில்லை, சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, இது எங்கேயிருந்து வருகிறது என்று அறியும் ஆவல்தான் வந்தது. அதோடு வாயும் திறந்தது. "ரூபன், அந்த இருக்கை அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். அவன் ஓம் என்று சம்மதித்தான்.

அடுத்த நாட்களில் கரண்டியால், கத்தரிக்கோலால், ஹீட்டர் குழாயில் எல்லாம் தட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் வரவேயில்லை.

செல்வம் அண்ணை தப்பி வந்தார். மெலிந்த குரலோடு அந்த இருக்கைக்கே வந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். "நான் குழாயோடை கிடந்தனான் தம்பி, உனக்கு வெட்டுக் குடுக்கிறதோ அங்கை என்ரை வேலை?" பிறகு சொன்னார், கை வீங்கினதால் கொண்டுபோன அன்றைக்கே மோதிரத்தை வெட்டி எடுத்துவிட்டார்களாம், இரண்டு துண்டாக வீட்டில் கிடக்கிறதாம்.

அவர் திரும்ப மோதிரம் போடவில்லை. இப்போது நேரில் கூடும் நாட்களில் மேசையில் வெறும் விரல்தான் தட்டும், மொத்தென்று ஒரு சத்தம். இணையத்தில் கூடுவதற்குப் படமும் தெரிகிற வேறொன்றுக்கு மாறிவிட்டோம், நான் காதுக் கருவியையும் மாற்றினேன். திரையில் அவருடைய வெறும் விரல் மேசையில் படுவதைப் பார்க்கிறேன்.

காதில் கேட்பது டிக் டிக்.