உப்புப் பார்க்காத வீடு

எங்கள் வீட்டில் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. சுவாமிக்குக் காட்டி முடிகிறவரை ஒரு துளி நாக்கில் படக் கூடாது. பாலக்காட்டிலிருந்து மாட்டுங்காவின் இந்த இரண்டாம் மாடிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ உடைந்து போயின. இந்த விதி மட்டும் கீறல் விழாமல் வந்தது. கொண்டுவந்தது ஆண்கள். காப்பாற்றியது அத்தை.

அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். அப்பா ஆபீஸுக்கு, அம்மா ஆபீஸுக்கு, அண்ணாவும் நானும் பள்ளிக்கூடத்துக்கு. எல்லா டப்பாவும் அவள் கையிலிருந்துதான் கிளம்பின. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்தை மேல் உயிர். அதை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள்.

உப்பை அவள் மூக்கால் பார்த்தாள். பருப்பும் காயும் அரைத்த தேங்காயுமாக மொளகூட்டல் கொதித்து வரும்போது ஆவியின் மேல் முகத்தைச் சாய்த்து நிற்பாள். "கொதியே சொல்லிடும், கேட்டியா?" பிறகு இன்னொரு சிட்டிகை விழும், அல்லது விழாது. வெளியே ரயில், கூச்சல், மழை, பூக்கடைக்காரனின் மராட்டி வசவு. உள்ளே அந்த நிற்றல். நான் எழுதுகிற எந்த வரியின் மேலும் அப்படி நின்றதில்லை.

ஊரே மூக்கை மூடிக்கொண்டு திரிந்த வருஷத்தில் அவளுக்கும் ஜுரம் வந்தது, போயிற்று. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீடு அண்ணாவுக்கும் மன்னிக்கும் ஆகியிருந்தது, நான் கல்யாணமாகி வாஷியில் இருந்தேன், அடுப்பு மட்டும் இன்னும் அத்தையிடம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு வாரம் சாம்பார் கரிக்கும், மறுவாரம் சப்பென்று இருக்கும். "வயசாச்சோல்லியோ," என்பாள் மன்னி, தட்டைப் பார்த்தபடி.

அப்பாவின் திவசம் வந்தது. அன்று விதி இரட்டிப்பு. சாப்பிட வந்த வைதீகர்கள் எழுந்திருக்கும்வரை வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அவர்களும் சாப்பாட்டைப் பற்றி நல்லது கெட்டது பேசக் கூடாது. கடைசியில் திருப்தியா என்று கேட்டால் திருப்தி என்று மட்டும் சொல்ல வேண்டும். அண்ணா கேட்டான். அவர்கள் சொன்னார்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. பாகற்காயில் விழவே இல்லை.

"அப்பாவோட நாள்ல இப்படியா?" அண்ணா இலையை மடித்தான். "அத்தைக்கு ஓர்மை தப்பிண்டிருக்கு. நாளைக்கு கேஸை அணைக்க மறந்தா என்ன ஆகும்? பில்டிங்கே போயிடும்."

சமையலறைக்குப் போனேன். அத்தை பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் பிடித்துக்கொண்டிருந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஒண்ணும் வரலைடீ. ஜுரத்துக்கப்புறம் ஒண்ணுமே வரலை."

"ஏன் சொல்லலை அத்தை?"

"சொன்னா இதை விட்டுட்டு எங்க போய் உக்காருவேன்?"

அப்புறம், அவள் வாயிலிருந்து நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். "மன்னியை உப்பு மட்டும் பார்க்கச் சொல்லு. சுவாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். அவருக்கு என்னைத் தெரியும்."

வாழ்நாள் முழுக்கக் காத்த விதியை, அடுப்பருகில் நிற்பதற்காக, அவளே கழற்றிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு நான் ஹாலுக்கு வந்தேன். புத்தி சரியாக இருக்கிறது, மூக்குதான் போயிருக்கிறது, யாராவது ஒரு ஸ்பூன் ருசி பார்த்தால் போதும் என்றேன்.

அண்ணாவுக்கு முகம் சிவந்தது. "நம்மாத்துல எச்சில் பண்ணிட்டு நைவேத்யமா? என்ன பேசறே நீ?"

ஸ்டேஷன் வாசல் வண்டியில் முட்டை புர்ஜி தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவன் அவன். சட்டையைத் துவைக்கப் போடும் மன்னிக்கு அது தெரியும். அவள் இலைகளை எடுக்கக் குனிந்தாள்.

"உன் ஆசாரத்துக்கு நாக்கு கிடையாதா?" என்று கேட்டேன்.

"நீ உன் ஆத்தைப் பாரு."

மறுநாளிலிருந்து மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்தது. யார் சமைத்தது, யார் நக்கிப் பார்த்தது, ஒருவருக்கும் தெரியாது. சுவாமிக்கு இரண்டு திராட்சை. அத்தையிடம், "இனிமே நீ ஹாயா டிவி பாரு," என்றான் அண்ணா, அன்பாகத்தான். அந்த அன்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வாஷிக்கு வந்துவிடச் சொன்னேன். "அது உன் மாமியாரோட அடுப்பு. இது என்னுது," என்றாள், அவளுடையது இல்லாமல் போன அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

விடிவதற்கு முன் குளிப்பதை அவள் விடவில்லை. ஈரத்தலையுடன் ஹாலில் உட்கார்ந்திருப்பாள். மெஸ் டப்பாவின் மூடி திறக்கும் சத்தத்துக்குத் தலை திரும்பும். வாசனையும் இல்லை, வேலையும் இல்லை. சோறு அவளுக்கு வெறும் சூடாக இருந்தது, பிறகு அதுவும் வேண்டாமென்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாவை மன்னி கரைத்துக் கொடுத்தாள். அத்தை அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

பதின்மூன்றாம் நாள் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் உறவுகள் வந்தன. அந்தக் கை யாருக்கு வரும் என்றார்கள். அவள் எரிசேரி, அவள் புளிங்கறி, அவள் மாங்காய் என்று பேசிப் பேசி ஏப்பம் விட்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே இரண்டாம் தடவை பாயசம் கேட்டாள்.

போன மாதம் அத்தையின் முதல் திவசம். அண்ணாதான் பண்ணினான், குறையில்லாமல். சமையலுக்கு கான்ட்ராக்டர். பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள் லிஃப்டில் ஏறி வந்தன. வைதீகர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். திருப்தியா என்றான். திருப்தி என்றார்கள்.

நாங்கள் உட்கார்ந்தோம். குழம்பில் உப்பே இல்லை.

அண்ணா ஒரு வாய் வைத்தான், நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. "உப்புக் கிண்ணத்தை இங்க தள்ளு," என்றான் மன்னியிடம். ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்தான். ருசி பார்த்தான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டான்.

கான்ட்ராக்டருக்கு அடுத்த வருஷத்துக்கும் சொல்லியாகிவிட்டது.