தாய்மாமனுக்கு முந்திப் போன படம்

போன வருடம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் எனக்குச் சின்னத் தையல் கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஆரி எம்பிராய்டரி செய்ய ஒரு மரச்சட்டம், ஆள் உயரக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார இரண்டு கதிரை. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். நான் தைப்பது சாரி பிளவுஸ் மட்டும். அதிலும் கல்யாணப் பிளவுஸ் என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் முகநூல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் போனை ஒதுக்கவும் முடியாது. ஆனால் அது நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். என்ன விலை, எத்தனை நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று அதே கேள்விகள்தான். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் பதில் அனுப்புவேன். அப்படி அனுப்பிக்கொண்டே துணி வெட்டியதில் ஒருவருடைய பிளவுஸ் கழுத்து இரண்டு அங்குலம் இறங்கிப்போனது. புதுத் துணி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். "அந்தப் போனுக்கும் ஒரு பிளவுஸ் தைச்சுப் போடு, பாவம்" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

கடுப்பாகி ஒரு முடிவுக்கு வந்தேன். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த வழிதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரும் வாரத்துக்கான படங்களைத் தெரிவு செய்து, நாலு வரி எழுதி, எது என்றைக்கு எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்று நேரம் குறித்து வைத்துவிடுவது. மற்ற நாட்களில் போனின் சத்தத்தை நிறுத்தி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டுவது. மதியம் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மட்டும் எடுத்துப் பதில் சொல்வது. முதல் வாரம் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் இந்த வழியைப் பற்றி வகுப்பு எடுக்காத குறைதான்.

அந்த வாரம்தான் ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்தார்கள். தை மாதம் கல்யாணம். பிளவுஸின் பின்பக்கம் முழுக்க ஆரி வேலையில் ஒரு பல்லக்கு, அதன் கீழே பொன்னூலில் மணமக்கள் பெயர். இருபது நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை. பெண் கண்ணாடி முன் திரும்பி நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தாள். நான் படம் எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் சந்தோஷம்தான்.

அப்போது மணி ஆறு. என் போன் நேரம். யாரோ துணி எத்தனை மீற்றர் வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ சொன்னார். "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினேன். அவர் சொன்னது இதுதான்: "கார்ட் குடுத்து முடியுற வரைக்கும் இத யாருக்கும் காட்டிறாதீங்க தங்கச்சி. அண்ணனுக்கு இன்னும் சொல்லல." காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை படங்களைத் தெரிவு செய்தபோது இதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை. புதன்கிழமை காலை பத்து மணி என்று குறித்து வைத்தேன்.

புதன்கிழமை பத்து மணிக்குப் படம் தானாக வெளியே போனது. நான் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தேன். போன் லாச்சிக்குள் இருந்தது. பன்னிரண்டரைக்கு அந்த அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, "எத்தன தடவ கோல் எடுத்தேன் தங்கச்சி" என்று மட்டும் கேட்டார். லாச்சியைத் திறந்து பார்த்தேன். அவருடைய பதினொரு அழைப்புகள் இருந்தன.

எங்கள் ஆட்களுடைய கல்யாணத்தில் முதல் கார்ட் கோயிலுக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்து நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அவர் கைபிடித்துத்தான் பெண்ணை மணவறைக்குக் கூட்டி வருவார். இந்த அம்மாவுக்கு ஒரே அண்ணன், நாவலப்பிட்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அவர் மகனுடைய கல்யாணத்தன்று இந்த அம்மாவின் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இவர்கள் போகவில்லை. அந்தக் கோபம் அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து அதை முடித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமைக்கு நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். அதற்குள் கடுகண்ணாவையில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பெண் என் படத்தைப் பார்த்து, வாழ்த்துச் சொல்லி, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். அண்ணனும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

"ஆறு வருஷத்துக்கப்புறம் அண்ணன் இன்னக்கித்தான் எனக்கு கோல் எடுத்தாரு" என்றார் அந்த அம்மா. "என் மருமகளுக்குக் கல்யாணம்னு தையக்காரி சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமான்னு கேட்டுட்டு வச்சிட்டாரு." சொல்லிவிட்டு அழுதார். முதலில் படத்தை அழித்தேன். ஏற்கனவே பார்த்தவர்கள் கண்ணிலிருந்து அதை எப்படி அழிப்பது?

நானும் நாவலப்பிட்டிக்கு வருகிறேன் என்றேன். நீங்கள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் அவரைத் தனியாகப் போய்த் திட்டு வாங்க விட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதற்றத்திலும், "ராகு காலம் முடியட்டும்" என்று ஒன்றரை மணி வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு அவர் பையில் இருந்த கார்டோடு, மார்க்கெட்டில் தட்டுக்கு வேண்டியதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கம்பளை தாண்டி நாவலப்பிட்டியில் இறங்கினோம்.

அண்ணன் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில்தான் இருந்தார். வாங்க என்று சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். "ஐயா, நான்தான் அந்தத் தையக்காரி. இவங்க யாருக்கும் காட்டாதீங்கன்னு சொன்னாங்க. நான் போன நோண்டிக்கிட்டே தலையாட்டிட்டேன். இவங்க மேல ஒரு பிழையும் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஊருக்கே போட்டுக் காட்டிட்டு, இந்த நாலு செவுத்துக்குள்ள வந்து பிழைன்னு சொன்னா யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவமானம் நடந்தது என் முகநூல் பக்கத்தில், மன்னிப்பு மட்டும் அவர் வீட்டு ஹோலில். அங்கேயே போனை எடுத்து, பக்கத்தில் போட ஒரு மன்னிப்பு எழுதினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லியும் நான் படம் போட்டேன் என்பதைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். அதை முதல் வரிக்குக் கொண்டு வரச் சொன்னார்.

அந்தப் பக்கத்தைத்தான் எல்லாக் கல்யாணப் பெண்களும் பார்க்கிறார்கள். சொன்ன சொல் கேட்காதவள் என்று நானே என் கடை வாசலில் எழுதி ஒட்டுவதுபோல இருந்தது. இருந்தாலும் வரியை மாற்றினேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தோம். வெள்ளை வேட்டி சட்டையோடு திரும்பி வந்தார். தங்கையைப் பார்த்து, "தட்ட குடு" என்றார். இரண்டு கையாலும் வாங்கினார். தட்டு கை மாறியதில் பாக்கு இரண்டு கீழே உருண்டது. "படத்த எடுங்க" என்று எனக்கு உத்தரவு. எடுத்தேன். அந்தப் படத்தோடுதான் மன்னிப்பும் போக வேண்டுமாம். நான் போனைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினேன். "என்ன, இதுக்கும் நேரம் குறிச்சு வைக்கப் போறீங்களா?" என்றார். அப்போதே போட்டேன். அதன் பிறகுதான் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்ததை ஆறு வருடம் கழித்துப் பேசினார்கள்.

எனக்கு அது சும்மா முடியவில்லை. ஒரு பெண் தைக்காத துணியை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு பேர் எங்கள் படத்தைப் போட வேண்டாம் என்று செய்தி அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க லாச்சியைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலையை நான் விடவில்லை. அந்த வழியில் குறை ஒன்றும் இல்லை, குறை என் காதில்தான். இப்போது அளவுக் கொப்பியில் தோள், மார்பு, கை அளவுகளுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. படம் போடலாமா, எப்போதிலிருந்து என்று கேட்டு, அவர்கள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். ஆள் எதிரில் இருந்தால், ஆறு மணியானாலும் போன் லாச்சிக்குள்தான்.

தை மாதம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாய்மாமன் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தார். நான் தைத்த பல்லக்கு மண்டபமே பார்க்க அசைந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கண்டதும் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டாரிடம் சத்தமாகச் சொன்னார்: "இவங்கதான் இந்தக் கல்யாணத்த எனக்கு மொதல்ல சொன்னவங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் தங்கைதான் அதிகமாகச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது, ஆனாலும் நானும் சிரித்தேன்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு படத்துக்கும் நேரம் குறிப்பதற்கு முன், இந்தச் செய்தியை என் வாயால் முதலில் கேட்கக் கூடாதவர் எங்காவது ஒருவர் இருக்கிறாரா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் விரலை வைக்கிறேன்.