பழனி மலையில் பதினான்கு அடுக்கு

மாமாவோடு அரியலூர் போனதைப் போல ஒரு தண்டனையை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. அம்மாவின் தம்பி அவர். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் தங்கிப் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அளக்கிற டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். காலாண்டு லீவில், பத்து வயதுப் பெண்ணான என்னை இழுத்துக்கொண்டு போனார்.

கைவிட்ட சுரங்கப் பள்ளம். மண்டை கொதிக்கிற வெயில். சுவர்போல நின்ற பாறையைக் கீழிருந்து மேலாக அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். ஒன்று, ஏடு ஏடாக உரியும் களிக்கல். இரண்டு, மஞ்சள் சுண்ணாம்புக்கல், உள்ளே சிப்பிகள். மூன்று, மறுபடியும் களிக்கல். மேலிருந்து ஆரம்பித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுத் தொலைத்தேன். கீழே இருப்பதுதான் முதலில் படிந்தது என்பதை ஒரு மணி நேரம் விளக்கினார். மொத்தம் பதினான்கு அடுக்கு! கல்லாகிப்போன சிப்பியும் நத்தையுமாக அடுக்குக்கு ஒரு கல் பெயர்த்து, ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டார்.

“எந்த அடுக்குன்னு தெரியலேன்னா இது வெறும் ஜல்லிடி,” என்றார். தீபாவளிக்குள் அவர் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

திரும்பி வந்தால் நவராத்திரி. மாமா நூலகம் போயிருந்தபோது, கொலுவில் பழனி மலை கட்டக் கல் தேடிய அம்மாவின் கண்ணில் அவருடைய கல் மூட்டை பட்டது.

“கன்னாபின்னான்னு கிறுக்கி வெச்சிருக்கான் பாரு. நன்னா தேய்ச்சு அலம்பிண்டு வா.”

அந்த எண்களின் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு ஒரு தேங்காய் நார் போதவில்லை. மலை பளபளவென்று எழும்பியது. உச்சியில் முருகன் நின்றார்.

அப்புறம்தான் ஜல்லி என்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. அம்மா சுண்டல் தாளிக்கப் போனதும், அதே பேனாவை எடுத்து எண் போட்டேன். மாமா சொன்ன முறைதான். தரையில் இருந்த கல் ஒன்று, முருகன் காலடியில் பதினான்கு.

மாமா வந்து மலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே மேலே போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உன் கல்லைத்தான் எடுத்துண்டேன், பரவாயில்லையோன்னோ?” என்றாள் அம்மா.

“பரவாயில்லேக்கா,” என்றார்.

மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு தனியாக அரியலூர் பஸ் பிடிக்கக் கோயம்பேட்டுக்குக் கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு எண்ணையும் வரிசை தப்பாமல், குண்டு குண்டாக எழுதி வைத்திருக்கிறேன், இந்த மனிதர் எதற்கு மறுபடியும் அரியலூர் போகிறார்?